எல்லையூரில் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தமிழூராகிய செங்கோட்டை, 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினும், ஆரியங்காவுக் கணவாய் வழியே நடந்துவந்த கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் நடுவில், கீதபவனிக் குழுவினருடன் நாம் இவ்வூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வாழ்த்துக் கூறிப் பாடி ஜெபித்தபின், மாமியார் கேக்குத் துண்டுகளைப் பரிமாறினார். புனலூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்த மருமகள் மட்டும் அதைத் தொடவில்லை. "எங்களுக்கு நோம்பு, ஐயா. பண்டிகை இன்னும் வரவில்லையே" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

சிரியன் மரபுத் திருச்சபையார் டிசம்பர் முதல் நாள் தொடங்கி இருபத்தைந்து நோன்பு காப்பர். இறைச்சி, முட்டை முதலியவற்றை விலக்குவர். பண்டிகையின் பெயர் அவர்களிடத்தில் 'யல்தோ பெருநாள்'. யல்தோ என்னும் சிரியச் சொல்லுக்குப் பிறப்பு என்பது பொருள். ஏசாயா 9:6-இல் பாலகனைக் குறிக்கும் 'யெலெத்' என்னும் எபிரெயச் சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே. பண்டிகை ஆராதனையில், ஆலய முற்றத்தில் சிலுவை வடிவாகத் தோண்டிய குழியில் தீ மூட்டி, சென்ற குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலைகளையும் சாம்பிராணியையும் அதில் இடுவர். இராத்திரியிலே மந்தையைக் காத்த மேய்ப்பர்கள் குளிர்காய்ந்த நெருப்பை அது நினைவூட்டுகிறது என்பர். எருசலேமுக்குள் பவனி வந்தவரை வாழ்த்திய ஓலை பெத்லகேமின் நெருப்பில் எரிவது, நம் பிரசங்கங்கள் பலவற்றினும் ஆழமான வேத விளக்கமாக நமக்குத் தோன்றுகிறது.

நாமோ 'கிறிஸ்துமஸ்' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'கிறிஸ்துவின் பூசை' எனப் பொருள்படும் கூட்டுச்சொல். பூசை என்னும் சொல்லையே தம் வழிபாட்டினின்று விலக்கிய சீர்திருத்தச் சபையார், ஆண்டுதோறும் அதைச் சொல்லி ஒருவரையொருவர் வாழ்த்துவது சற்று வேடிக்கைதான். இலங்கைத் தமிழர் வழங்கும் 'நத்தார்', பிறப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லாகிய 'நத்தால்' என்பதன் திரிபு. சிங்களரின் 'நத்தல' என்பதும் அதுவே. ஜெர்மானியர் 'பரிசுத்த இரவுகள்' என்னும் பொருளில் வாழ்த்துவர். ஸ்காண்டிநேவியரின் 'யூல்', கிறிஸ்தவத்திற்கு முந்திய குளிர்கால விழாவின் பெயர். வட இந்தியாவில் 'படா தின்', அதாவது பெரிய நாள், என்பர்; யாருடைய நாள் என்பதை அச்சொல் கூறுவதில்லை. நாளிலும் வேற்றுமை உண்டு. ஆர்மேனியத் திருச்சபையார் ஜனவரி 6-இல் ஆண்டவரின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே ஆசரிக்கின்றனர்.

ஆனால் அவ்வில்லத்தில் எழுந்தது சொல்லைப் பற்றிய கேள்வியன்று, காலத்தைப் பற்றியது. வருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகள் நம் அட்டவணையிலும் உள்ளன. ஆயினும் அவற்றுள் முதல் ஞாயிறு கழியுமுன்னே நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன, கேக்கும் பரிமாறப்படுகிறது. பின்பு காத்திருத்தலைக் குறித்து நாம் பிரசங்கிக்கிறோம். கீதபவனியை நிறுத்தவேண்டும் என்பதன்று நம் கருத்து. படுக்கையிலிருக்கும் முதியோர் பலர் சபையாரைத் தம் வாசலில் ஒருங்கே காண்பது ஆண்டில் அந்த ஓர் இரவில்தான். பெரிய சபைகளில் எல்லா வீடுகளையும் ஒரே வாரத்தில் சந்தித்து முடிப்பதும் இயலாது. எனினும், முன்வாரங்களில் வருகையின் பாடல்களையும், கடைசி வாரத்தில் பிறப்பின் பாடல்களையும் பாடத் தடையொன்றுமில்லை. பாடகர் குழுவினர் முதலில் முணுமுணுப்பர்.

அடுத்த ஆண்டு அவ்வில்லத்தை 24-ஆம் நாள் இரவுக்கு வைத்தோம். அன்றும் மருமகள் கேக்கைத் தொடவில்லை, ஆராதனை முடியவேண்டுமாம். நமக்கு மட்டும் காகிதத்தில் பொதிந்து கொடுத்தார்.