மியாட்டாவில் எதுக்குக் காசு கொடுக்கணும், எதுக்கு வேண்டாம்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரே ஒரு மெயில்தான் எடுத்திருக்கேன், ஏன்னா அதுலயே முழு எபிசோடும் இருக்கு. அமெரிக்காவில் மிச்சிகன்ல வேலை பார்க்கிற நம்ம நேயர் ஒருத்தர் எழுதியிருக்கார்: "அண்ணா, நாலு வருஷமா சேர்த்த காசு. மாஸ்டா எம்எக்ஸ்-5 எடுக்கப் போறேன். டீலர்கிட்ட டாப் வேரியண்ட்டான கிராண்ட் டூரிங் ஆட்டோமேட்டிக் ரெடியா நிக்குது, விலையும் கொஞ்சம் குறைக்கிறாங்க. எனக்கு ஆசை கிளப் மேனுவல் மேல. அதுக்குக் காத்திருக்கணும். டாப்பை விட்டுட்டு அதுக்குக் கீழே இருக்கறதுக்குக் காத்திருந்தா வீட்ல சிரிக்கிறாங்க. நான் செய்யறது தப்பா?"

சிரிக்கிறவங்களையும் குறை சொல்ல முடியாது. நம்ம ஊர்ல ஹேட்ச்பேக் வாங்கினாலும் "டாப் மாடலா?"ன்னுதான் முதல் கேள்வி. மேல போகப் போக எல்லாமே கூடும்ங்கற கணக்கு. ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே மேலே இருக்கிற வேரியண்ட் சொகுசுக்காக இருக்கலாம், நடுவில் இருப்பது ஓட்டுறதுக்காக இருக்கலாம்.

வண்டி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. எம்எக்ஸ்-5ஐ அமெரிக்காவில் மியாட்டான்னு சொல்வாங்க. 1989ல அறிமுகமானது, ரெண்டு சீட்டு, கூரையை மடிச்சுப் பின்னாடி தள்ளிடலாம். இப்போ இருக்கிறது நாலாவது தலைமுறை. 2 லிட்டர் இன்ஜின், 181 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,060 கிலோ. அங்கே மூணு வேரியண்ட்: ஸ்போர்ட், கிளப், கிராண்ட் டூரிங். இன்ஜின் மூணுக்கும் ஒண்ணுதான். அப்போ காசு எங்கே போகுது?

நான் வைக்கிற சோதனை இது: இந்த ஐட்டத்தைப் பின்னாடி நானே மாட்டிக்க முடியுமா? முடியும்னா அவசரமே இல்லை. முடியாது, இல்லேன்னா செலவு பிடுங்கிடும்னா, அதை ஃபேக்டரியிலேயே வாங்கிடணும்.

இந்தச் சோதனையில் முதல்ல நிக்கிறது லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், சுருக்கமா எல்எஸ்டி. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போகும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம். ரெண்டும் வேற வேற வேகத்தில் சுத்தணும், அதுக்குத்தான் டிஃபரென்ஷியல். ஆனா வேகமா திரும்பும்போது வண்டியோட எடை வெளிப்பக்கம் சாயுது. உள்பக்க டயருக்குப் பிடிப்பு குறையுது. சாதாரண டிஃபரென்ஷியலில், பிடிப்பில்லாத சக்கரம் தாங்கற அளவுக்குத்தான் அடுத்த சக்கரத்துக்கும் இழுவை கிடைக்கும். அதனால ஆக்சிலரேட்டரை மிதிச்சா உள் டயர் சும்மா சுத்தும், வண்டி முன்னாடி போகாது. எல்எஸ்டி ரெண்டு சக்கரத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிச்சு, பிடிப்பு இருக்கிற பக்கம் சக்தியை அனுப்பும். பனி பெய்யிற மிச்சிகனில் இது ரேஸ் டிராக்குக்கு மட்டுமான விஷயம் இல்லை. ஒரு டயர் ஐஸ் மேல, இன்னொண்ணு ரோட்டு மேலன்னு நிக்கிற பார்க்கிங்லயும் உதவும். இதைப் பின்னாடி மாட்டணும்னா டிஃபரென்ஷியலையே கழட்டி, கியர் இடைவெளியை அளந்து செட் பண்ணணும். மெக்கானிக் கூலியே கண்ணைக் கட்டும்.

ஸ்போர்ட்ல எல்எஸ்டி கிடையாது. கிளப் மேனுவல்ல உண்டு, கூடவே பில்ஸ்டீன் டாம்பர், முன்பக்கம் ஒரு ஸ்ட்ரட் பிரேஸ். இப்போ வர்ற கிராண்ட் டூரிங் மேனுவல்லயும் இதெல்லாம் உண்டு. ஆட்டோமேட்டிக் எடுத்தா? எந்த வேரியண்டா இருந்தாலும் எல்எஸ்டி இல்லை.

தம்பி, உங்க மெயிலோட முடிச்சு இங்கேதான் இருக்கு. நீங்க கிளப்பா கிராண்ட் டூரிங்கான்னு கேக்கறீங்க. உண்மையில் கேள்வி மேனுவலா ஆட்டோமேட்டிக்கா. 2024 மாடல் வந்தப்போ அறிவிச்ச விலையில் ஸ்போர்ட்டுக்கும் கிளப்புக்கும் வித்தியாசம் சுமார் 3,500 டாலர். கிளப்புக்கும் கிராண்ட் டூரிங்குக்கும் 1,500 டாலர்தான். அந்த 1,500க்கு லெதர் ஹீட்டட் சீட், ஆட்டோமேட்டிக் ஏசி, வளைவுக்கு ஏத்த மாதிரி திரும்புற ஹெட்லைட் கிடைக்குது. மிச்சிகன் குளிர்ல, சீக்கிரமே வெளிச்சம் மங்கற டிசம்பர்ல, இது வீண் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன். அதனால காத்திருக்கறதுன்னா, கிராண்ட் டூரிங் மேனுவல் வருமான்னும் டீலர்கிட்ட கேளுங்க.

கிளப்ல இன்னொரு வலை இருக்கு: பிரெம்போ பிரேக், பிபிஎஸ் வீல், ரெக்காரோ சீட் சேர்ந்த பேக்கேஜ். சுமார் 4,500 டாலர். பார்க்க செம்மையா இருக்கும், எனக்கே ஆசைதான். ஆனா பெரிய பிரேக் காலிபர் வந்துட்டா 16 அங்குல வீல் பெரும்பாலும் உள்ளே போகாது. பேக்கேஜ் இல்லாத கிளப்னா, ஸ்போர்ட்ல வர்ற 16 அங்குல வீல் ஒரு செட் வாங்கி விண்டர் டயர் போட்டுக்கலாம். அந்த சைஸ் டயர் விலையும் குறைவு. டிராக்குக்கு அடிக்கடி போறவங்களுக்கு மட்டும்தான் நான் பிரெம்போவைச் சொல்வேன். சாதா ரோட்டில், இவ்வளவு இலேசான வண்டிக்குச் சாதா பிரேக்கே போதும்.

டெக் விஷயத்தைச் சீக்கிரம் முடிச்சுடறேன். 2024ல இருந்து திரை 7 அங்குலம் போய் 8.8 அங்குலம். நல்லாத்தான் இருக்கு. மேப்பும் பாட்டும் எப்படியும் போன்ல இருந்துதான் வரும், பத்து வருஷத்துல எந்தத் திரையும் பழசாத் தெரியும். ஸ்பீக்கரைப் பின்னாடி மாத்தலாம். கூரை திறந்து ஹைவேல போனா எந்த ஸ்பீக்கரும் காத்தோட போட்டி போட முடியாது, அது வேற கதை.

பழைய வண்டி பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. 2016ல இருந்து 2018 வரை வந்த கிராண்ட் டூரிங்ல எல்எஸ்டி கிடையாது. அப்போ கிளப்ல மட்டும்தான், அதுவும் மேனுவல்ல. 2019லதான் குதிரைத்திறன் 155ல இருந்து 181க்கு ஏறுச்சு, ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுக்கிற வசதியும் வந்தது. உயரமானவங்க முதல்ல அதைப் பாருங்க.

தம்பி, காசு கட்டறதுக்கு முன்னாடி அந்த ஆட்டோமேட்டிக்கை ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்க. அதே நாள்ல, பழைய வண்டியா இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மேனுவல் மியாட்டாவையும் ஓட்டுங்க. இறங்கி வந்து எதைப் பத்தி வீட்ல பேசறீங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.