பேட்டரி டிரில் மிஷின்: நாமே சுவரில் துளை போடலாம்



தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கிறோம், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வேலை பார்க்கிறோம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறோம். எந்தத் தொழிலாக இருந்தாலும் சுவரில் ஒரு பலகை மாட்டணும், ஆடுகிற மேஜைக்கு ஸ்க்ரூ முறுக்கணும், கொட்டகையில் ஒரு வளையம் பொருத்தணும் என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். நாலு துளைக்கு ஆள் கூப்பிட்டால், "சின்ன வேலைக்கெல்லாம் வர முடியாதுக்கா" என்பார்கள். வந்தால் அரைநாள் கூலி. நாமே ஆணி அடித்தால் சாந்து பெயர்ந்து, அடுத்த மாதமே பலகை சாய்கிறது. அதனால்தான் சில குழுக்கள், "பேட்டரி டிரில் ஒன்று பொதுவில் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளணும்.

ஆசாரிமார் கயிற்றைச் சுற்றி இழுத்துத் துளை போடும் துரப்பணத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத்தான் இந்த மிஷினில் மோட்டார் செய்கிறது. மின்சாரத்தில் ஓடும் கை டிரில் 1895-ல் ஜெர்மனியில் வந்தது. பேட்டரியில் ஓடுவதை 1961-ல் அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி கொண்டுவந்தது. 1971-ல் அப்போலோ 15-ல் போனவர்கள் நிலவிலேயே பேட்டரி டிரில்லால் துளை போட்டார்கள். அங்கேயும் துளைக்குள் போன தண்டு சிக்கிக்கொண்டு, இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். நமக்குச் சிக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யலாம்

பேட்டரி டிரில்லின் பெரிய வசதி இதுதான் என்பேன். பேட்டரி 12 வோல்ட், 18 வோல்ட் என்று வருகிறது. அதனால் "கரண்ட் அடிக்காது" என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி அடிக்காதுதான். சுவருக்குள் ஓடும் ஒயரில் இருப்பது 230 வோல்ட். பிட் அதில் பட்டால் இரும்பு வழியாகக் கைக்கு வந்துவிடும். ஒயர் மிஷின் என்றால் அது ஓடவே கரண்ட் வேண்டும், மெயினை அணைக்க முடியாது. பேட்டரி மிஷினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் நிதானமாகத் துளை போடலாம். அணைத்த பிறகு அந்த அறையில் விளக்கும் ஃபேனும் நின்றுவிட்டதா என்று பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்கணும்.

ஒயருக்கு என்ன ஆகும் என்று அடுத்து யோசிக்கணும். சுவிட்ச் போர்டிலிருந்து ஒயர் பெரும்பாலும் நேர் மேலே, நேர் கீழே, இல்லை நேர் பக்கவாட்டில் போகும். அந்தக் கோட்டில் துளை போடாதீர்கள். தண்ணீர்க் குழாய் ஏறும் இடத்துக்கும் இதே விதிதான்.

முந்தானையை முதலில் செருகுங்கள்

சுற்றுகிற பொருளுக்கும் சேலைக்கும் ஆகாது. மில்லில் வேலை பார்த்த அக்காமாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகணும், சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வைக்கணும். சடையைக் கொண்டையாகப் போடணும். தாலிச் சங்கிலி முன்னால் தொங்காமல் ஜாக்கெட்டுக்குள் போகணும், கண்ணாடி வளையலைக் கழற்றிவிடலாம். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். இந்த வேலைக்கு அது தப்பு. துணிக் கையுறையின் நூல் பிட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் இரண்டும் வேண்டும். சிமெண்ட் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஸ்டூல் ஆடினால் கீழே ஒருவர் பிடிக்கட்டும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது. சோம்பலாக இருந்தால், முன்னே பின்னே சுற்ற வைக்கும் பொத்தானையாவது நடுவில் தள்ளுங்கள், விசை அமுங்காது. பிட்டைப் பிடிக்கும் வாய்க்கு சக் என்று பெயர். அதை இறுக்கமாக முறுக்கி, பிட் நேராகச் சுற்றுகிறதா என்று ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

எந்த இடத்துக்கு எந்த பிட்

சுவருக்கு, மரத்துக்கு, இரும்புக்கு என்று மூன்று விதமான பிட் உண்டு. சுவர் பிட்டின் நுனியில் அகலமாக ஒரு கடினத் துண்டு ஒட்டியிருக்கும். மர பிட்டின் நடுவில் ஊசி முனை இருக்கும். இரும்பு பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரே துளையில் மழுங்கிப்போகும். கடையில் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

மிஷின் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கும். ஸ்க்ரூ முறுக்கும்போது சின்ன எண்ணில் தொடங்கணும். போதுமான இறுக்கம் வந்ததும் டக்டக் என்று நழுவி நின்றுவிடும், ஸ்க்ரூ தலை கெடாது. துளை போடுவதற்கு பிட் படம் போட்ட இடம். செங்கல் சுவருக்குச் சுத்தியல் படம். சுத்தியல் படம் இல்லாத மிஷினை நம் வேலைக்கு வாங்காதீர்கள், சுவரில் திணறும். மேலே 1, 2 என்று ஒரு பொத்தான் இருக்கும். 1 மெதுவாக ஆனால் பலமாகச் சுற்றும், ஸ்க்ரூவுக்கு அதுதான். 2 வேகம்.

6 மில்லிமீட்டர் ராவல் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். பிளக் நீளத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதல் ஆழம் வேண்டும். அந்த அளவில் பிட்டின் மேல் டேப் ஒட்டிக்கொண்டால் கண் தெரிந்து நிறுத்தலாம். இரண்டு கையாலும் பிடித்து, சுவருக்கு நேராக வைத்து, முதலில் மெதுவாகத் தொடங்குங்கள். நடுநடுவே வெளியே இழுத்துத் தூசியை எடுங்கள். சிக்கிவிட்டால் விசையை விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சுற்ற வையுங்கள். ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் அந்த நேரம் மணிக்கட்டு திருகிக்கொள்ளும். டைல்ஸ் என்றால் சுத்தியலை நிறுத்தி, குறி மேல் செலோடேப் ஒட்டி, மெதுவாக. தகரம், இரும்புப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது. பிட் மறுபக்கம் வரும் நேரத்தில் தகடே சுற்றி விரலை வெட்டிவிடும்.

சுவரையும் பார்க்கணும். பழைய மண் சுவரில் பிளக் நிற்காது. ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே வெற்றிடம், பிட் சட்டென்று உள்ளே போய்விடும். அங்கே கனமான பலகை வேண்டாம். மூடி, பை, துணி மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தொட்டில் மட்டும் வேண்டாம்

இதை அழுத்திச் சொல்கிறேன். காங்கிரீட் கூரையில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கில் கொக்கி முறுக்கி, அதில் பிள்ளைத் தொட்டில் கட்டாதீர்கள். பக்கச் சுவரில் மாட்டும் பலகையின் பாரம் ஸ்க்ரூவை வளைக்கப் பார்க்கும். கூரையிலோ பாரம் பிளக்கை நேராகக் கீழே பிடுங்குகிறது. ஆட்ட ஆட்டத் தளர்ந்துகொண்டே போகும், வெளியே தெரியாது. தொட்டிலுக்குத் தளம் போடும்போதே கம்பியோடு கட்டிய கொக்கி, இல்லையென்றால் உறுதியான உத்திரம். இரண்டும் இல்லாத வீட்டில் இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள்.

சிமெண்ட் சீட்டு போட்ட வீடுகள் நம்மிடம் நிறைய. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சீட்டில் துளை போட்டால் கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. சீட்டைத் தொடாமல், கீழே இருக்கும் மரத்திலோ குழாயிலோ மாட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டரியும் பொது நோட்டும்

பேட்டரியை அதற்கு வந்த சார்ஜரில் மட்டும் போடணும். பாயில், மெத்தையில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடாதீர்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைப்பதும், அடுப்படியில் வைப்பதும் ஆகாது. ஆணி டப்பாவில் போட்டால் ஆணி இரண்டு முனையையும் சேர்த்துத் தீப்பிடிக்கலாம். உப்பிப்போனதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. எனவே மிஷின் வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

குழுவில் பொதுவாக வாங்கினால் பில்லையும் வாரண்டி அட்டையையும் தீர்மானப் புத்தகத்தோடு வைக்கணும். ஒருவர் பொறுப்பு. யார் எடுத்தார், என்றைக்கு, எத்தனை பிட், கண்ணாடி இருந்ததா என்று நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகை எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். மழுங்கிய பிட்டுக்குப் பதில் புதியது வாங்கும் காசு அதிலிருந்தே வரணும். முதல் தடவை எடுப்பவர், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு பழைய கட்டையில் பத்துத் துளை போட்டுப் பழகிய பிறகு மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். திருப்பித் தரும்போது பேட்டரியை சார்ஜ் போட்டுத் தரணும், சக்கில் பிட் இருக்கக் கூடாது.