முதுமையும் மதுவும்

அறுபத்தெட்டு வயதான ஒருவரை எண்ணிக்கொள்வோம். முப்பது ஆண்டுகளாக மாலைதோறும் ஒரே அளவு மது அருந்தி வருபவர். அளவைக் கூட்டவுமில்லை, வகையை மாற்றவுமில்லை. எனினும் அண்மைக் காலமாக இரவில் எழுந்து நடக்கையில் தடுமாறி விழுகிறார். நேற்று நடந்ததை இன்று மறக்கிறார். உணவில் நாட்டம் குறைந்துவிட்டது. உறக்கம் நள்ளிரவில் கலைகிறது. "வயதாகிவிட்டது" என்று வீட்டார் அமைதி கொள்கின்றனர். "பழைய அளவுதானே குடிக்கிறேன்" என்கிறார் அவர். இரு கூற்றுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தப் பழைய அளவை ஏற்கும் உடல் மாறிவிட்டது என்பதை இருவருமே அறியார்.

உடலில் நேரும் மாறுதல்

மதுவிலுள்ள ஆல்கஹால் நீரில் எளிதாகக் கலப்பது. கொழுப்பில் மிகக் குறைவாகவே கரைவது. ஆதலின் அது இரத்தத்தின் வழியாக உடலின் நீர்ப்பகுதி முழுவதிலும் பரவுகிறது. இளைஞரின் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு நீராகும். முதுமையில் தசை குறைந்து கொழுப்பு மிகுவதால், நீரின் பங்கு 50 அளவிற்கு இறங்குகிறது. பெண்களின் உடலில் நீரின் பங்கு இளமையிலேயே ஆண்களைவிடக் குறைவு. வயது ஏற ஏற அது இன்னும் குறைகிறது.

இதன் விளைவைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம். இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி முதலியவற்றில் பொதுவாகக் கன அளவில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் உண்டு. 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி லிட்டர் புட்டியில் பாதியை ஒருவர் அருந்தினால், ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால் உட்செல்கிறது. 60 கிலோகிராம் எடையுள்ள இளைஞரின் உடலில் 36 லிட்டர் நீர் இருப்பதால், லிட்டர் ஒன்றுக்கு 0.83 கிராம் வீதம் அது கலக்கும். அதே எடையுள்ள முதியவரிடம் நீர் 30 லிட்டரே. லிட்டருக்கு 1 கிராம் ஆகிவிடுகிறது. குடித்த அளவு ஒன்றே ஆயினும் செறிவு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது.

மேலும், ஆல்கஹாலைச் சிதைத்து அகற்றும் பணி பெரும்பாலும் கல்லீரலுடையது. முதுமையில் கல்லீரல் சிறுத்து, அதன் வழியே ஓடும் இரத்தமும் குறைகிறது. மூளையோ மதுவின் மயக்கத்திற்கு முன்னிலும் எளிதாக ஆட்படுகிறது. எலும்பு நலிந்த பருவத்தில் நடை தள்ளாடினால், ஒரே வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறிந்து ஒருவர் படுத்த படுக்கையாகிவிடக்கூடும்.

மருந்தும் மதுவும்

முதியோர் பலர் நாள்தோறும் பல மருந்துகளை உட்கொள்வோர் ஆவர். உறக்க மாத்திரையும் மதுவும் ஒன்றன் மயக்கத்தை ஒன்று மிகுவிக்கும், மூச்சுவிடுதலையும் தளர்த்தும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ கொள்பவர் உண்ணாமல் குடித்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழலாம். இரத்த அழுத்த மருந்து உண்பவருக்கு எழுந்து நிற்கையில் தலைசுற்றும். ஆஸ்பிரினுடன் மது சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு உண்டாகலாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் யாவரும் உண்ணும் பாரசிட்டமால்கூட, இடைவிடாது குடிப்பவரின் கல்லீரலுக்குத் தீங்கு செய்யும்.

மறைந்திருக்கும் நோய்

இளைஞர் மிகுதியாகக் குடித்தால் வேலை கெடுகிறது, ஊராரும் அறிவர். ஓய்வுபெற்றவருக்குத் தவறவிடுவதற்கு வேலை இல்லை. தனியே வாழ்பவராயின் காண்பதற்கும் ஆள் இல்லை. இளமையிலேயே தொடங்கி முதுமைவரை குடிப்போர் ஒருவகையினர். பணி ஓய்வு, வாழ்க்கைத் துணையின் பிரிவு, தனிமை, தீராத வலி, உறக்கமின்மை இவற்றால் பிற்காலத்தில் தொடங்குவோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினர் தக்க ஆலோசனையால் பெரும்பாலும் விரைவில் திருந்துகின்றனர்.

பெண்களைக் கணக்கில் சேர்க்காது விடலாகாது. 10 முதல் 75 வயதுவரை உள்ளோரைக் கொண்டு 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மது அருந்துவோர் ஆண்களில் நூற்றுக்கு 27.3 பேர், பெண்களில் 1.6 பேர். ஆனால் இது நாடு முழுவதற்குமான சராசரி. இலுப்பைப் பூவிலிருந்து மது வடிக்கும் மத்திய இந்தியப் பகுதிகளிலும், அரிசியைப் புளிக்கவைத்து 'ஹண்டியா' செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா ஊர்களிலும் மூதாட்டியரும் அருந்துவது வழக்கம். அதே ஆய்வில், மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரியவந்தது.

பணியாளர் செய்யத்தக்கவை

முதியவரிடம் "நீங்கள் குடிகாரரா?" என வினவுவது பயன் தராது, அவரது மானத்தையும் புண்படுத்தும். மற்ற உடல்நல வினாக்களோடு சேர்த்து, வாரத்தில் எத்தனை நாள், ஒரு வேளைக்கு எவ்வளவு, உடன் உண்ணும் மருந்துகள் எவை என்று தனிமையில் கேட்டல் நன்று. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வினாக்கள் கொண்ட 'ஆடிட்' வினாத்தாள் இதற்கு உதவும். அடிக்கடி விழுதல், காரணம் தெரியாத காயங்கள், மறதி, எடைக் குறைவு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை காணப்படின், மதுவைப் பற்றியும் விசாரித்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை "இன்றே நிறுத்துங்கள்" என்று வற்புறுத்தலாகாது. திடீரென நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். முதல் இரு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் பிதற்றலும் கடும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். எலும்பு முறிவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர் மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். வெட்கத்தால் வீட்டார் குடிப்பழக்கத்தை மறைத்திருப்பின், மருத்துவர் காரணம் அறியாது தவிப்பார். சேர்க்கும்போதே உண்மையைச் சொல்லுமாறு குடும்பத்தாருக்கு அறிவுறுத்துக. மருத்துவரின் மேற்பார்வையில், தயமின் என்னும் பி1 வைட்டமினும் தக்க மருந்துகளும் தந்து பழக்கத்தைப் பத்திரமாக நிறுத்த இயலும்.

சிறிதளவு மது முதியோருக்கு வலிமை தரும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உண்டு. உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்தது. உதவி வேண்டுவோர் 14446 என்ற தேசியப் போதை மீட்பு இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

முதுமையைத் தடுக்க இயலாது. ஆனால் முதுமை எனக் கருதப்படும் தடுமாற்றத்திலும் மறதியிலும் ஒரு பகுதி மதுவினால் வந்ததாயின், அதைக் குறைக்க இயலும். அடுத்த முறை வீடு வீடாகச் செல்லும் பணியாளர், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் மேற்கூறிய சில வினாக்களைக் கேட்பாராயின், அதுவே சிகிச்சையின் முதற்படியாகும்.