அலுமாரியில் கிடக்கும் குளிசைகள்

தண்ணீரூற்று என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்த மண் வன்னி மண். முல்லைத்தீவு மாவட்டத்து அந்த ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிற இடங்களிலும் காலம் கழித்து, 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் சிறுகச் சிறுகத் திரும்பின. வவுனியா சாளம்பைக்குளத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. திரும்பிய வீடுகளில் இன்று மருமகளாக இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீரே புதிது. வாயில் வைத்தால் உவர்க்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. ஆகவே தாகம் எடுத்தாலும் இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்கிறாள்.

அவள் முழுகாமல் இருக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல, சகோதரிகளே.

கிளினிக்கில் இரத்தம் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைவு. "குளிசை குடிக்கிறீங்களா?" என்று மிஸ் கேட்டால், "ஓம் மிஸ்" என்ற பதில்தான் வரும். வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தால், இலவசமாகக் கிடைத்த இரும்புச்சத்துக் குளிசைகள் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். பொய் சொன்னாள் என்று அவளை ஏசுவதற்கு முன், ஏன் விட்டாள் என்று கேட்டுப் பாருங்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, எல்லாவற்றையும் விட வயிறு இறுகிவிடுகிறது என்பாள். மாமியிடமும் கணவனிடமும் சொல்ல வெட்கம். குளிசையை நிறுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது.

மலம் கறுப்பது அந்தக் குளிசையின் இயல்பு. அதில் பயமில்லை. மலச்சிக்கலுக்கு முதல் மருந்து தண்ணீர். கர்ப்பிணி ஒருத்தி நாளொன்றுக்குக் குடிக்க வேண்டியது இரண்டு லீற்றருக்குக் குறையாத நீர், அதாவது எட்டு முதல் பத்துக் கிளாஸ். வன்னி வெயிலில் அதற்கும் மேலே தேவைப்படும். சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறாள் என்று அர்த்தம். கடும் மஞ்சளாகப் போனால் போதாது. தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரையும் அடக்கினால் கிருமித் தொற்று வரக்கூடும். அது நாள் ஆகுமுன்னே வலி கண்டுவிடவும் காரணமாகலாம். மலசலகூடம் வீட்டுக்குத் தூரத்தில் இருப்பதால் இரவில் தண்ணீரே குடிக்காத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். துணைக்கு எழுந்து டோர்ச் பிடிப்பதும் கணவனின் கடமைதான்.

வன்னியில் சில இடங்களில், குறிப்பாக வவுனியாப் பக்கம், கிணற்று நீரில் புளோரைட்டு கூடுதலாக உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஊரில் சுத்திகரித்த நீர் கிடைக்குமானால், முதல் போத்தல் வீட்டுக் கர்ப்பிணிக்கு. மாற்று இல்லையே என்று குடிக்காமல் மட்டும் இருக்க வேண்டாம்.

இனித் தேத்தண்ணி. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்காவிட்டால் நமக்குச் சாப்பிட்ட மாதிரியே இராது. ஆனால் தேயிலைச் சாயம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வையுங்கள். கல்சியமும் இரும்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. கல்சியக் குளிசையைப் பகல் சாப்பாட்டோடும், இரும்புக் குளிசையை இரவில் படுக்கப்போகும்போது விற்றமின் சி குளிசையோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடும் எடுத்தால் இரண்டும் பலன் தரும். படுக்கும் நேரத்தில் குடித்தால் குமட்டலும் குறைவு.

பேரீத்தம்பழம் தின்றால் இரத்தம் ஊறும் என்று நம்பி, குளிசையை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழம், மலச்சிக்கலுக்கும் உதவும். ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புதான் உண்டு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27 மில்லிகிராம். பீட்ரூட்டின் சிவப்பும் இரத்தச் சிவப்பு அல்ல. மாட்டிறைச்சி, மீன், கௌபி, பயறு, தேசிக்காய் பிழிந்த முருங்கையிலை வறை இவற்றுக்கே முதலிடம். முள்ளோடு தின்னும் நெத்தலியும் குரக்கனும் எள்ளும் கல்சியம் தரும். கிளினிக்கில் தரும் திரிபோஷா அவளுக்கென்று தந்தது. வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஒரு பிடிதான்.

ஈரலில் மட்டும் அவதானம் தேவை. இரும்பு நிறைய உண்டு என்று மாமிமார் அன்போடு தினமும் பொரித்துக் கொடுப்பார்கள். 100 கிராம் மாட்டீரலிலேயே கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கான உச்ச அளவைத் தாண்டிய விற்றமின் ஏ இருக்கிறது. அது மிகுந்தால், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், சிசுவின் உருவாக்கத்தைக் கெடுக்கலாம். அந்த மாதங்களில் ஈரலைத் தவிர்ப்பதே நல்லது.

போலிக் அமிலக் குளிசையை இன்னும் முந்தியே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளமான குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. தான் கர்ப்பம் என்று பலருக்குத் தெரியவருமுன்னரே அது நடந்துவிடலாம். ஆகையால் நிக்காஹ் முடிந்ததும் பிரதேசக் குடும்பநல மாதுவிடம் பதிந்துகொள்ளுங்கள், குளிசை அங்கேயே கிடைக்கும்.

நோன்பு வந்தால் கேள்வி எழும். கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. களா, பித்யா விபரங்களை ஆலிம்களிடம் கேட்டறியலாம். இரத்தம் குறைந்தவள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவள் முதலில் வைத்தியரிடம் கேட்கட்டும். "அண்டை வீட்டாள் பிடிக்கிறாளே" என்ற பேச்சை மாமிமார் விட்டுவிட வேண்டும்.

சாதாரணப் பிரசவத்திலேயே அரை லீற்றர் வரை இரத்தம் போகலாம். உடம்பில் இரத்தம் உள்ளவள் அதைத் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே குறைந்தவளுக்கு அதுவே ஆபத்து. அதிலும் உள்ளூரிலிருந்து மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ, வவுனியாவுக்கோ இரவில் வாகனம் பிடித்துப் போவதென்றால் எவ்வளவு நேரமாகும் என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்றிரவு அலுமாரியைத் திறந்து எத்தனை குளிசை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்த எண்ணிக்கையை மிஸ்ஸிடம் உள்ளபடி சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், என்ன மாற்றலாம் என்று அவர் பார்ப்பார்.