ஒரு மணி நேரத்தில் 70 குதிரைத்திறன்: டர்போ காரை ‘ரீமேப்’ செய்யுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பயன்படுத்திய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய மறுநாளே நண்பர்களில் ஒருவர் கேட்டுவிடுவார்: “இன்னும் ரீமேப் பண்ணலையா?” ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், மடிக்கணினியை மட்டும் செருகி இஞ்சினின் சக்தியைக் கூட்டித் தருவதாகப் பட்டறைகள் சொல்கின்றன. அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தை எடுத்து நீட்டுவது நல்லது.

இன்றைய இஞ்சினை ஓட்டுவது ஒரு சிறிய கணினி. இசியூ என்பார்கள். எந்தச் சுழற்சியில் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க் பிளக் எந்தக் கணத்தில் பொறி விடுவது, டர்போ எவ்வளவு காற்றழுத்தம் கொடுப்பது என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டவணைக்குத்தான் ‘மேப்’ என்று பெயர். அதைத் திருத்தி மீண்டும் எழுதுவதே ரீமேப்.

டர்போ இல்லாத காரில் இதைச் செய்தால் பெரிய வித்தியாசம் கிடைக்காது. அந்த இஞ்சின் தன் மூச்சில் இழுக்கும் காற்று அவ்வளவுதான். டர்போ அப்படியல்ல. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கிறது. எவ்வளவு திணிக்கலாம் என்பதை முடிவு செய்வது இசியூ. அந்த எண்ணைக் கூட்டினால் காற்று கூடும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் 2.0 லிட்டர் இஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்டது. ‘ஸ்டேஜ் 1’ எனப்படும் முதல்நிலை ரீமேப்புக்குப் பிறகு அது ஏறக்குறைய 290 குதிரைத்திறனைத் தொடும். முறுக்குவிசை 400ஐத் தாண்டும்.

அப்படியானால் தொழிற்சாலை ஏன் இதை முதலிலேயே கொடுக்கவில்லை? அவர்களுக்கு வித்தை தெரியாமல் இல்லை. அதே கார் பாலைவனத்திலும் பனியிலும் ஓட வேண்டும். மட்டமான பெட்ரோலையும், எண்ணெய் மாற்ற மறக்கும் உரிமையாளரையும் தாங்க வேண்டும். புகை விதிகளுக்கும் அடங்க வேண்டும். அதற்காக ஒதுக்கி வைத்த இடைவெளியைத்தான் ரீமேப் எடுத்துச் செலவழிக்கிறது.

“கோல்ஃப் ஆர் காரிலும் இதே இஞ்சின்தானே, அது இன்னும் அதிகமாகத் தருகிறதே” என்று வாதிடுவோர் உண்டு. பாதி உண்மை. ஆர் காரில் டர்போ பெரியது. பிஸ்டன், வெளியேற்று வால்வு, வால்வு ஸ்பிரிங், பெட்ரோல் இன்ஜெக்டர் ஆகியவையும் வேறு. குடும்பம் ஒன்றாக இருக்கலாம், எலும்பு ஒன்றல்ல.

உண்மையான ஆபத்து ‘நாக்கிங்’ என்ற தட்டலில் இருக்கிறது. அழுத்தமும் சூடும் அளவு மீறினால், பொறி வைத்த தீ ஒழுங்காகப் பரவி முடியுமுன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல. ரோன் எண் உயர்ந்த பெட்ரோல் இதைத் தாங்கும். ரோன் 97க்காக எழுதப்பட்ட மேப்பைப் போட்டுக்கொண்டு, மாதக் கடைசியில் காசு இறுகும்போது ரோன் 95 ஊற்றினால், தட்டலை உணரும் கருவி பொறியைத் தாமதப்படுத்தி இஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். காசு கொடுத்து வாங்கிய சக்தி அப்போது காணாமல் போகும். தொடர்ந்து அழுத்தினால் பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பே உடையலாம். நம் ஊர் வெயிலில், நெரிசலில் ஊர்ந்து சூடேறிய காரைக் கெந்திங் மலையில் விரட்டுவது இதற்கு மிகத் தோதான சூழ்நிலை. ரோன் 97இன் விலை வாரந்தோறும் மாறுவது. அதைக் காரின் ஆயுள் முழுக்க ஊற்ற முடியுமா என்பதுதான் முதல் கணக்கு.

இஞ்சின் தாங்கினாலும் கியர்பெட்டி தாங்க வேண்டும். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் பழுதுச் செலவு ரீமேப் கூலியைப் பல மடங்கு தாண்டிவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் கியர்பெட்டியின் கணினியையும் சேர்த்தே திருத்துவார்கள். பெல்ட்டில் இயங்கும் சிவிடி கியர்பெட்டி உள்ள சிறிய டர்போ கார்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. நேரடித் தெளிப்பு உள்ள சிறிய டர்போ இஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அதிக முறுக்குவிசை கேட்டால், பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர எண்ணெய் இதைக் குறைப்பதையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. எண்ணெய் டின்னில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குவது பெரிய வேலையில்லை.

இனி, பட்டறையில் யாரும் பேசாத பகுதி. மோட்டார் காப்புறுதிப் பத்திரங்களில், காரின் செயல்திறனைக் கூட்டும் மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு அது தெரியவந்தால் இழப்பீடு சிக்கலாகலாம். கார் போய்விடும், வங்கிக் கடன் போகாது. அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அப்பாதான். உத்தரவாதக் காலம் முடியாத காராக இருந்தால், அதுவும் கைவிட்டுப் போகக்கூடும். பழைய மேப்பைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது என்பது தவறான நம்பிக்கை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பட்டறைக் கணினி மாற்றத்தைக் கண்டுகொண்டால், அந்தக் காரின் பதிவில் ‘டிடி1’ என்ற குறியீடு ஏறிவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் அடுத்த நிலைக்குப் போனால், புகையும் சத்தமும் கூடி ஜேபிஜே சோதனையில் பதில் சொல்ல வேண்டி வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்பவர், முதலில் பழைய குறைகளைச் சரிசெய்ய வேண்டும்: ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், எண்ணெய்க் கசிவு, குளிரூட்டி. நோயுள்ள இஞ்சினுக்கு ரீமேப் மருந்தல்ல. பட்டறையில் ‘டைனோ’ உருளை மீது காரை ஓட்டி, வேலைக்கு முன்பும் பின்பும் அளந்து காட்டச் சொல்லலாம். அதைவிட முக்கியம், முழு வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை பாகை பின்வாங்குகிறது என்ற பதிவு. அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பட்டறையில் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவரின் காருக்கான மேப்பை அப்படியே ஏற்றிவிட்டுக் காசு வாங்குவோரும் இருக்கிறார்கள்.

காரில் இருந்த அசல் மேப்பின் நகலையும் அன்றே பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. காரை விற்கும் நாளில் அது தேவைப்படும். அதுவரை அந்தப் பட்டறை அதே இடத்தில் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.