வேலையிடத்தில் அடிபட்டால்: மெடிக்கல் கார்டா, சொக்சோவா?

ஆசிரியர்களே, மாணவர்களே, எஸ்.பி.எம். முடிந்ததும் தொழிற்சாலை, கடை என்று வேலைக்குப் போகிறவர்கள் நம் ஜொகூரில் நிறைய பேர். கட்டுரைக்கு மட்டுமல்ல, அவர்களுடைய வாழ்க்கைக்கும் உதவும் தலைப்பு இது.

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். காப்புறுதி என்பது நாமோ முதலாளியோ சந்தா கட்டி வாங்குவது. மெடிக்கல் கார்டு அந்த வகை. பெரும்பாலும் மருத்துவமனைச் செலவோடு அது நின்றுவிடும். வேலை விபத்து இழப்பீடு என்பது சட்டம் தரும் உரிமை. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ, அதாவது பெர்கேசோ, இதைக் கொடுக்கிறது.

ஓர் உதாரணம். மூவாரில் மரத்தளவாடத் தொழிற்சாலையில் ஒருவருக்கு விரலில் வெட்டு. 20 நாள் எம்.சி. கார்டைக் காட்டினால் பில் தீர்ந்துவிடும். ஆனால் சம்பளம்? எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காட்டை சொக்சோ தரும். நாளுக்கு 60 ரிங்கிட் என்றால் 48 ரிங்கிட். 20 நாளுக்கு 960 ரிங்கிட். விரல் நிரந்தரமாக முடங்கினால் அதற்குத் தனி இழப்பீடு. உயிரே போனால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். இதையெல்லாம் கார்டு தராது.

“கார்டுதான் இருக்கே, சொக்சோ எதுக்கு?” என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். கார்டைப் பயன்படுத்தினாலும் சொக்சோ உரிமை போய்விடாது. விபத்தைப் பதியாமல் விட்டால்தான் சிக்கல்: பிறகு கை முடங்கும்போது, அது வேலையில் பட்ட காயம்தான் என்று நிரூபிப்பது கஷ்டம்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும். சொந்த வேலையாக வழிமாறிப் போயிருந்தால் சேராது.

சிங்கப்பூர் முதலாளியிடம் வேலை செய்பவருக்கு அந்த நாட்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். மலேசியர் என்பதால் மறுக்க முடியாது. ஆனால் சொந்த மோட்டார் சைக்கிளில் போய்வரும் பயணம் அங்கே பொதுவாகச் சேராது. இந்த வித்தியாசம் முக்கியம்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை:
1. வேலையில் அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.
2. முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்.
3. எம்.சி., பில், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: ‘காப்புறுதி’, ‘இழப்பீடு’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் வட்டார வேலை ஒன்றை உதாரணமாகக் காட்டி 80 சொற்களில் விளக்குக.