பழைய விதைநெல்லைக் கைவிடுமுன்

புதிய நெல்லினங்களைப் பயிரிடக் கமக்காரர் விரும்புதல் இயல்பே. கூடிய விளைவு, குறைந்த வயது, நோயெதிர்க்கும் ஆற்றல் என்பன அவற்றிற் காணப்படுகின்றன. எனினும், புதியது கிடைத்தவுடன் பழைய விதைநெல் முழுவதையும் குற்றி உண்டுவிடுதல் நன்றன்று. அற்றுப்போன இனத்தை மீண்டும் பெறுதல் அரிது.

பரம்பரை இனங்கள் காரணமின்றி நிலைத்தவையல்ல. யாழ்ப்பாணத்தில் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கப்படும் வயல்களில் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலியன நெடுங்காலம் பயிரிடப்பட்டன. இத்தகைய உயர்ந்த பயிர்கள் களைகளை நிழலால் அடக்குவதோடு மாடுகளுக்கு நிறைந்த வைக்கோலையும் தருகின்றன. அவற்றிற்குக் குறைகளும் உள. பசளையை மிகுதியாக இட்டாற் பயிர் சாய்ந்துவிடும், விளைவும் குறைவு. குறையை நீக்க முற்படுவோர் குணத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

புதிய இனங்கள் பழையவற்றிலிருந்தே பிறக்கின்றன. 1958 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு நாடெங்கும் பரவிய எச் 4 இனத்தின் பெற்றோருள் ஒன்று இலங்கையின் முருங்கைக்காயன். மற்றையது இந்தோனேசியாவின் மாஸ். 1992 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஏ. ரி. 354 உவர்நிலத்தைத் தாங்குதற்குக் காரணம், பொக்காளி என்னும் பழைய இனத்தின் குணமே. அவ்வினங்களைப் பயனற்றவையென முன்னோர் எறிந்திருப்பின், இவை தோன்றியிரா.

ஆகவே, இனத்தை மாற்ற விரும்பும் கமக்காரர் பின்வருமாறு செய்தல் நலம்:

1. பழைய இனம் எம்மண்ணுக்கு உகந்தது, எம்மாதத்தில் விதைக்கப்பட்டது, எதனைத் தாங்கியது என்பவற்றை ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டறிதல்.

2. இரண்டினையும் ஒரே வயலில், ஒரே நாளில், அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்து, விளைவை நிறுத்துப் பார்த்தல். ஒரு போகத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. மழை மிகுந்த ஆண்டும் குறைந்த ஆண்டும் வேறு வேறு பாடம் புகட்டும்.

3. புதியது சிறந்ததெனக் கண்ட பின்னரும் பழையதற்கு ஒரு சிறு பாத்தியை ஒதுக்குதல். பிற இனக் கதிர்களைக் களைந்து, பாத்தியின் நடுவிலிருந்து விதை எடுத்தல் வேண்டும். நெல்மணி பல்லிற் கடிக்க நொறுங்குமளவிற்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் வைத்து, ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பித்தல் அவசியம்.

4. விதைக்குமுன் 100 மணிகளை ஈரத்துணியில் முளைக்கவிடுதல். 85 மணிகளேனும் முளைத்தால் அது நல்ல விதை.

காய்கறிச் செய்கையாளருக்கும் இவை பொருந்தும். ஆனால், நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவது. பூசணிக்கோ தேனீக்கள் அயற்றோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவரும். ஆதலால், விதைக்கென வளர்க்கும் பூசணியைப் பிற பூசணியினங்களுக்குத் தொலைவில் நடுதல் வேண்டும்.

பழைய விதைகள் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. ஆயினும், குளிரறையில் விதை மட்டுமே தங்கும். அதனை எவ்வயலில், எப்பருவத்தில், எவ்வாறு பயிரிடுவதென்னும் அறிவு கமக்காரரின் கையிலேயே உள்ளது. பழைய இனமொன்றை வைத்திருப்போர் அதனைக் கைவிடுமுன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.